பாரி/ஜிபியில் பகாக் காரணிகளை எண்ணுவது: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எண் கணிதத்துக்கான பாரி/ஜிபி மென்பொருளில், தனி எண்ணுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் என்று பார்க்க ஒமேகா (omega) என்ற கட்டளை போதும். 720720 கொடுத்தால் 6 வரும். பிக்ஒமேகா (bigomega) கட்டளையில் 10 வரும். அது திரும்ப வரும் காரணிகளையும் சேர்த்து எண்ணும். 0 கொடுத்தால் பிழை. −12-க்கு ஒமேகா சரியாக 2 என்கிறது. காரணிப் பட்டியலை வாங்கி வரிகளை எண்ணினால் 3 வரும், −1-உம் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும்.

தொடர்வரிசைக்கு இறங்கினால் நிலைமை வேறு. 1 முதல் 10 கோடி வரை ஒவ்வொன்றுக்கும் ஒமேகாவை அழைப்பது வெட்டி வேலை. ஒவ்வொரு எண்ணையும் முதலிலிருந்து உடைக்கும். பாரியின் ஃபார்ஃபேக்டர்ட் (forfactored) சுழற்சி சல்லடை முறையில், அதாவது பகா எண்களின் மடங்குகளை வரிசையாகக் குறித்துக்கொண்டு போவதால் எவ்வளவோ மேல். சி மொழியில் சொந்தமாக எழுதினால் இன்னும் வேகம்: எண்ணுக்கு ஒரு பைட், மொத்தம் 100 எம்பி. அந்த எல்லைக்குள் விடை 8-ஐத் தாண்டாது. ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளிலும் 1 கூட்ட வேண்டும், அவ்வளவுதான். எரடோஸ்தனிஸ் சல்லடை நிரலை அப்படியே எடுத்து மாற்றுபவர்கள் மடங்குகளைப் பகா எண்ணின் வர்க்கத்திலிருந்து தொடங்கிவிடுவார்கள். இங்கே அந்தப் பகா எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். சோதிக்க எளிய வழி: 1 முதல் 10 வரை கூட்டுத்தொகை 11 வர வேண்டும், வர்க்கத்திலிருந்து தொடங்கினால் 5 வரும். 100 வரை 171.

க²+1 வரிசைக்கும் (க = 1, 2, 3…) சல்லடைதான். 5-ஆல் வகுபடுவது, க-வை 5-ஆல் வகுக்க மீதி 2 அல்லது 3 வரும் இடங்களில் மட்டும்; 13-க்கு மீதி 5 அல்லது 8. 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் பகா எண்களைத் தொடவே வேண்டாம். க-வின் உச்ச எல்லை வரையுள்ள பகா எண்களால் வகுத்தபின் 1-க்கு மேல் மிஞ்சினால் அது ஒரே பகா எண்தான், ஒன்று கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொன்றாலும் தீர வகுத்திருக்க வேண்டும். க=7-இல் 50 வருகிறது; 5-ஆல் ஒருமுறை மட்டும் வகுத்தால் மிஞ்சும் 5 மறுபடி எண்ணப்பட்டு, 2-க்குப் பதில் 3 ஆகும். குறியுள்ள (signed) 32 பிட் மாறியில் க=46341-லேயே மதிப்பு வழிந்துவிடும், எச்சரிக்கைகூட வராது.

2ⁿ−1 வரிசையில் சல்லடை உதவாது, எண்கள் பெருத்துவிடும். அடுக்கின் வகுஎண்களைக் கொண்டு முதலில் இயற்கணிதமாக உடைத்து, துண்டுகளை மட்டும் பாரியிடம் கொடுப்பது நல்லது. ஸ்டாக் (பாரி கணக்குக்கு ஒதுக்கிய நினைவகம்) நிரம்பியதாகச் சொன்னால் அதன் உச்சவரம்பான பாரிசைஸ்மேக்ஸ் (parisizemax) அளவை உயர்த்த வேண்டும். துண்டுகளின் எண்ணிக்கைகளை அப்படியே கூட்டக் கூடாது: 2⁶−1 = 63, துண்டுகள் 3, 7, 3. பொதுவானதை நீக்கினால்தான் சரியான விடை 2.