குன்னூரில் ஒரு பணியாளர் முகவர் நிறுவனம்: ஆள் சரி, ஒப்பந்தம் சரியில்லை

அம்மாவைக் கவனித்துக்கொள்ள, வீட்டோடு தங்கி வேலை செய்பவர் ஒருவரைக் குன்னூரில் உள்ள முகவர் நிறுவனம் ஒன்றின் மூலம் அமர்த்தினோம். ஆளைத் தேர்ந்து அனுப்புவதில் குறை சொல்ல இடமில்லை; பந்தலூரிலிருந்து வந்த அந்த அக்கா பொறுமையும் கைப்பக்குவமும் உள்ளவர். ஒப்பந்தத்தாள்தான் உறுத்துகிறது. ஊதியம், முன்பணம், முகவர் கட்டணம் எல்லாம் விரிவாக இருக்க, விடுப்புக்கு மட்டும் ‘இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளவும்’ என்ற ஒற்றை வரி, அதுவும் அந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில்.

எதிர்ச்சரிவில் கொழுந்து பறிப்பவர்களுக்கு 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை வகுத்தது. வீட்டுப் பணியாளர்களுக்காக 2011-இல் நிறைவேறிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கையோ, வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வைக் கோருவதுடன், ஆண்டு விடுப்பைப் பணியாளருக்குப் புரியும்படி தெரிவிக்கவும் சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை என்பது நிறுவனங்களுக்கு வசதியாகிவிட்டது.

கேட்டபோது, ‘மாற்று ஆள் அனுப்ப முடியாது, பொங்கலுக்கு நீங்களே சமாளியுங்கள்’ என்றார்கள். கட்டணம் வாங்குபவர்கள் சொல்லக்கூடிய பதிலா இது? விடுப்பு நாட்களையும் அந்நாட்களுக்கான ஊதியத்தையும் தமிழில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.