மூன்று மழைக்காலம் தாங்கிய ஹால் சுவர்

இதே பர்மாவில் மோல்மீனில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் போன் பண்ணி, "அண்ணே, உங்க ஹாலுக்கு அடிச்ச அந்தக் கழுவுற எமல்ஷன் பெயிண்ட் எப்படி, நானும் அடிக்கலாமா?" என்று கேட்டான். நான் அப்போது அதே சுவரைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்துவிட்டேன். கோபம் ஆறினபின் யோசித்தால், திட்டியதில் பாதி நியாயமில்லை.

எங்கள் வீடு ரங்கூன் டவுனில், உலகப் போருக்கு முந்தைய காலத்துக் கட்டடம், முதல் மாடி. அடித்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காலையில் தனக்கா (மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் மஞ்சள் சாந்து) பூசிவிட்டால் அரை மணி நேரத்தில் சுவரெல்லாம் ஐந்து விரலும் பதிந்த மஞ்சள் கை. முன்பு டிஸ்டெம்பர் என்கிற சுண்ணத்தூள் பெயிண்ட் இருந்தபோது அதைத் துடைத்தால் தனக்காவோடு சுவரும் துணியில் வந்துவிடும். இதில் ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தால் போதும். சாமி படத்துக்கு மேலே விளக்குப் புகை ஏறின கருப்புக்கு மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு வேண்டும். அம்மா முதல் மாதம் அழுக்கு இல்லாத நாளில்கூட அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

இனி வயிற்றெரிச்சல். தெருப்பக்கச் சுவரில் முதல் மழைக்காலம் முடிவதற்குள் அப்பளம் அப்பளமாகக் கொப்புளம். நகத்தால் ஒரு ஓரத்தைக் கிள்ளினால் கல்லிலிருந்து தோசை வருகிற மாதிரி முழுத் தோலாக எழும்பி வருகிறது, பின்பக்கம் பார்த்தால் வெள்ளை மாவு. கடையில் போய்ச் சண்டை போட்டேன். பெயிண்டரோடும் சண்டை. கடைசியில் எங்கள் தெருக் கொத்தனார் விரலை நாக்கில் தொட்டு, பெயிண்ட் அடிக்காத மாடிப்படிச் சுவரில் தேய்த்து, வெள்ளையான விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தம்பி, மாவு மேல தோல் ஒட்டுமா?"

பழைய சுண்ணாம்பு, பூச்சுமேல் பூச்சாக எத்தனை தடவை அடித்ததோ. அதை அடிவரை சுரண்டிவிட்டு, சீலர் பிரைமர் என்கிற, சுவரை இறுக்கிப் பிடிக்கும் அடிப்பூச்சு ஒரு கோட் கொடுத்த பிறகுதான் எமல்ஷன் பிடிக்குமாம். நம் பெயிண்டர் உப்புத்தாளை ஒப்புக்குத் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுக் கூலி வாங்கிப் போய்விட்டார். சுவரில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று கடைக்காரர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அதோடு முடியவில்லை. மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை ஊற்றுகிற ஊர் இது. வெளியே மழைத்தண்ணிக் குழாய் விரிசல், அதில் ஓர் ஆலங்கன்று வேறு. செங்கல் குடிக்கிற தண்ணீரைச் சுண்ணாம்பு மெல்ல வெளியே விட்டுவிடும், இந்த பெயிண்ட் ரப்பர் மாதிரி அடைத்துக்கொள்கிறது, உள்ளே மாட்டின ஈரம் தோலைத் தள்ளாமல் என்ன செய்யும்? அடிப்பதற்கு முன் ஓர் அடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பார்க்க வேண்டும். சுவர்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் உள்ளிருந்து வருகிறது, பெயிண்டைத் தொடாதே, குழாயைப் பார். அறைப்பக்கம் நின்றால் அது வெறும் காற்று ஈரம், ஜன்னலைத் திறந்தால் சரி. ஐந்து நிமிட வேலை. எனக்கு மூன்று வருஷம் கழித்துத் தெரிந்தது.

இன்னொரு எரிச்சல், இதன் பளபளப்பு. பகலில் அழகு. டியூப் லைட்டைப் போட்டால் பட்டி பார்த்த ஒவ்வொரு மேடும் நிழல் விழுந்து தெரியும், என் வீட்டுக்காரி அந்தச் சுவரைப் பார்த்தே உட்கார மாட்டாள்.

தம்பிக்குச் சொல்வது: உங்கள் ஊரில் மழை எங்களைவிட அதிகம், வெளிச்சுவர்ப் பக்கம் இதை நினைக்காதே. உள்சுவருக்கு அடி, ஆனால் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு அடி. பெயிண்டர் தண்ணீர் கலக்கும்போது அளவுக்கு மேல் ஊற்றிவிடாமல் பக்கத்திலேயே நில்.

என் தெருப்பக்கச் சுவருக்குச் சுண்ணாம்புதான். சட்டையில் வெள்ளை ஒட்டும், ஒட்டட்டும். இவ்வளவு திட்டியும் படுக்கையறைக்கு அதே பெயிண்டில் ஒரு வாளி நேற்று வாங்கி வந்துவிட்டேன், விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. மழை விடும்வரை கட்டிலுக்கு அடியில் கிடக்கட்டும்.