விரிசல் விட்ட பிளாக்: வெல்டிங்கா, உலோகத் தையலா?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பழைய அம்பாசடர் பாதி வழியில் கொதித்து நிற்கும். அவசரக்காரர் யாராவது பச்சைத் தண்ணீரை ஊற்றுவார். இன்ஜினின் உடலான வார்ப்பிரும்பு பிளாக்கில் விரிசல் விழ அது போதும்.

"வெல்டிங் வைத்துவிடலாம்" என்பதுதான் பட்டறையில் முதலில் கேட்கும் பேச்சு. செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கிறது. பற்றவைத்த இடத்தை ஒட்டிய பகுதி சட்டென்று ஆறினால் கண்ணாடிபோல் கடினமாகி நொறுங்கும். பழைய விரிசலுக்குப் பக்கத்திலேயே புதியது ஓடும். முறையாகச் செய்வதென்றால் பிளாக் முழுவதையும் முன்கூட்டியே சூடாக்கி, முடிந்தபின் மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். நிக்கல் வெல்டிங் ராடு இருந்தால் அவ்வளவு சூடு வேண்டாம். சிறிது சிறிதாகப் பற்றவைத்து, ஒவ்வொரு முறையும் சுத்தியலால் மெல்லத் தட்டி இழுவிசையைத் தணிக்கலாம். இந்தப் பொறுமை உள்ள கை கிடைப்பது அரிது.

இன்னொரு வழி, திருகுகளால் விரிசலை மூடும் உலோகத் தையல். இதில் நெருப்பே இல்லை. விரிசல் நெடுகத் துளையிட்டு, மரை வெட்டி, ஒன்றையொன்று சற்றே கவ்வும்படி திருகுகளை இறுக்கி, மேலே மட்டம் செய்கிறார்கள். விரிசலுக்குக் குறுக்கே, இருபுறத்தையும் பிணைக்கும் பூட்டுத்தகடுகள். சூடு படாததால் பிளாக் கோணுவதில்லை. நேரமும் கூலியும் அதிகம்.

தண்ணீர் ஜாக்கெட்டின் (பிளாக்கைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறையின்) சுவர் என்றால் என் ஓட்டு தையலுக்கே. இன்ஜினை வண்டியில் பொருத்தும் மவுண்டிங் காது உடைந்திருந்தால், அதற்கு நல்ல வெல்டிங் போதும். பிளாக்கின் மேல் மூடியான ஹெட் அலுமினியம் என்றால், டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் கொண்டு பற்றவைப்பது). அதில் தகராறு இல்லை. எதைச் செய்தாலும், வண்டியில் பூட்டுமுன் கசிவு இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.