பழைய ஜூம்லா தளத்தை அப்டேட் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் பேக்கப் கோப்பைத் திறந்து பாருங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நர்சரி, மாங்கூழ் ஆலை, பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று, வெப்சைட் அமைக்க உதவும் ஜூம்லா மென்பொருளின் பழைய 3-ஆம் பதிப்பில் தளம் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போன் வருகிறது. "உங்க வெப்சைட் வெர்ஷன் பழசாயிடுச்சு, அப்டேட் பண்ணலைன்னா ஹேக் ஆயிடும்." சொல்வது உண்மைதான். ஜூம்லா 3-க்கு 2023 ஆகஸ்ட் 17-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் இலவசமாக அடைத்துக் கொடுக்க யாரும் இல்லை. ஆனால் இப்படிப் போன் செய்த ஒருவரிடம் எங்கள் நர்சரித் தளத்தைக் கொடுத்து, அப்பா எழுதி வைத்த கட்டுரைகளில் பெரும்பகுதியை இழந்துவிட்டோம். அதனால்தான் இந்தப் பதிவு.

எங்களுக்குச் சந்தூர் பக்கம் மா ஒட்டுக்கன்று நர்சரி. தளத்தில் செந்தூரா, பெங்களூரா, அல்போன்சா, இமாம்பசந்த் என்று ரகவாரியாகக் கன்று விவரமும் ஆர்டர் படிவமும் இருந்தன. அதைவிட முக்கியம் அப்பாவின் கட்டுரைகள். எந்த மாதம் ஒட்டுக் கட்டலாம், பூ எடுக்கும்போது தத்துப்பூச்சியை எப்படிக் கவனிப்பது, வறட்சி வருடத்தில் இளங்கன்றை எப்படிக் காப்பாற்றினோம் என்று பல வருடமாகத் தமிழில் எழுதியவை. திருவண்ணாமலை, குப்பம் பக்கத்திலிருந்தெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் கன்று வாங்க வருவார்கள்.

தளம் ஜூம்லா 3.6-இல், அதைச் சர்வரில் இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 5.6 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த பிஎச்பி பதிப்புக்கு 2018 டிசம்பரிலேயே ஆதரவு முடிந்திருந்தது. தளத்துக்குச் சர்வரில் இடம் கொடுக்கும் ஹோஸ்டிங்காரர்கள் பழைய பிஎச்பியை நிறுத்தப்போவதாக மெயில் அனுப்பினார்கள். அதே சமயத்தில்தான் கிருஷ்ணகிரி டவுனில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வெப் டிசைன் நிறுவனத்திலிருந்து போன். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. "அக்கா, ரெண்டு மணி நேர வேலைதாங்க, ஜூம்லா 4-க்கு மாத்திக் குடுத்துடறேன்" என்றார். பேசியது 15,000 ரூபாய், அட்வான்ஸ் 12,000. பேக்கப் எடுத்தாச்சா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "எடுத்தாச்சுங்க அக்கா, கவலையே வேண்டாம்" என்று பதில் வந்தது. அந்தச் செய்தியை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவர் செய்த வேலை என்ன என்று பிறகுதான் இன்னொருவர் பார்த்துச் சொன்னார். ஜூம்லா 4-இன் கோப்புகளை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த தளத்தின் மேலேயே அப்படியே கொட்டியிருக்கிறார். முறை அதுவல்ல. 3.6-இலிருந்து முதலில் 3.10-க்கு வர வேண்டும். 4-க்குப் போவதற்கான பாலமாகவே வெளியிட்ட பதிப்பு அது. அதற்குள் அப்டேட்டுக்கு முந்தைய பரிசோதனை என்று ஒரு பக்கம் இருக்கிறது. எந்த எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) 4-இல் ஓடும், எது ஓடாது, பிஎச்பி பதிப்பு போதுமா என்று அதுவே பட்டியல் போட்டுக் காட்டும். ஜூம்லா 4-க்குக் குறைந்தது பிஎச்பி 7.2.5 வேண்டும், ஜூம்லா 5-க்கு 8.1. ஜூம்லா 3-க்குச் செய்த டெம்ப்ளேட் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) 4-இல் ஓடாது, புதிதாகத்தான் அமைக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்து, கூடவே கட்டுரைகளெல்லாம் சேமிக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸின் அமைப்பையும் மாற்ற வேண்டும். எங்கள் தளத்தில் கோப்புகள் புதுசு, டேட்டாபேஸ் பழசு. திறந்தால் வெள்ளைத் திரை.

சரி, பேக்கப்தான் இருக்கிறதே, திருப்பிப் போட்டுவிடுவார் என்று நினைத்தோம். போட்டார். தளமும் வந்தது. ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தலைப்பு, கட்டுரை, ரகப் பெயர் எல்லாம் வெறும் கேள்விக்குறிகள். ஆங்கிலத்தில் இருந்த போன் நம்பரும் மெயில் முகவரியும் மட்டும் தப்பின. "உங்க தமிழ் ஃபான்ட் பழசுங்க, அதான் தெரியலை" என்றார். அப்புறம் 'டேட்டா ரெக்கவரி' என்று சொல்லி 8,000 ரூபாய் கேட்டு வாங்கினார்.

இந்த இடத்தைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள், தமிழில் தளம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். ஃபான்ட் பழுதானால் கட்டம் கட்டமாகத் தெரியும், எழுத்து உள்ளே அப்படியேதான் இருக்கும். எழுத்துக்குப் பதில் புரியாத ஐரோப்பியக் குறிகள் வரிசையாக வந்தால் குறியாக்கம் (எழுத்துகளைக் கம்ப்யூட்டர் எண்களாகச் சேமிக்கும் முறை) மாறியிருக்கிறது என்று பொருள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். டேட்டாபேஸுக்குள்ளேயே கேள்விக்குறி உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. லத்தீன்-1 என்கிற பழைய குறியாக்கத்தில் தமிழுக்கு இடமே கிடையாது. அதில் ஏற்றுமதி செய்தால், டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்க்யூஎல் மென்பொருள் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி வைக்கும். அந்தக் கோப்பிலிருந்து மூலத்தை எந்த நிபுணராலும் திரும்ப எடுக்க முடியாது. அவர் எடுத்த பேக்கப்பே இப்படிப்பட்டது. அதைப் பழைய டேட்டாபேஸின் மேல் ஏற்றியதும் நல்ல பிரதியும் அழிந்தது. மீட்கவே முடியாத ஒன்றை மீட்டுத் தருகிறேன் என்று காசு வாங்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹோஸ்டிங்காரர்களின் தினசரி பேக்கப்பைக் கேட்கலாம் என்று போனால், அவர் இழுத்தடித்த நாட்களில் அதுவும் கேள்விக்குறிப் பிரதியால் மாற்றப்பட்டிருந்தது.

எனவே யாரிடம் வேலை கொடுத்தாலும், டேட்டாபேஸ் பேக்கப்பை உங்கள் கம்ப்யூட்டருக்கு வாங்கி, நோட்பேடில் திறந்து, உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் தேடிப் பாருங்கள். சில தளங்களில் அந்தக் கோப்பில் தமிழ் வேறு குறிகளாக மாற்றி வைக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் அதை வேறு இடத்தில் ஏற்றி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். படங்கள் இருக்கும் ஃபோல்டரையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குத் தயங்குகிறவரிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) கணக்கின் பாஸ்வேர்டு இந்த வேலைக்குத் தேவையே இல்லை. அதையும் இவர் கேட்டார், அப்பா மறுத்துவிட்டார். இன்று டொமைனாவது எங்கள் கையில் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. ஆர்டர் படிவம் வேலை செய்யவில்லை என்றதும், காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு எக்ஸ்டென்ஷனை "ஃப்ரீயாவே போட்டுத் தர்றேன்" என்று போட்டார். திருட்டுப் பிரதி. அதன் வழியாக யாரோ தளத்துக்குள் புகுந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் கூகுளில் எங்கள் நர்சரிப் பெயரைத் தேடினால் ஜப்பானிய மொழியில் கைப்பை, கடிகாரம் விற்கும் பக்கங்கள் வந்தன. ஆடி மழையை நம்பிக் கன்று கேட்டு வருகிற நேரத்தில் இது நடந்தது. போச்சம்பள்ளி சந்தையில் பார்த்த பழைய வாடிக்கையாளர் ஒருவர், நர்சரியை மூடிவிட்டீர்களா என்றே கேட்டுவிட்டார்.

கடைசியில் ஓசூரில் மென்பொருள் வேலை பார்க்கும் உறவுக்காரத் தம்பி சரிசெய்து கொடுத்தான். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது, புகுந்தவர்கள் மறுபடி நுழைய வைத்த பின்கதவுக் கோப்பு உள்ளே ஒளிந்திருக்கும் என்று எல்லாக் கோப்பையும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினான். வேலை முழுவதையும் அவன் கம்ப்யூட்டரிலேயே ஒரு பிரதியில் செய்தான். பிறகு துணை டொமைனில், அதாவது எங்கள் டொமைனுக்குக் கீழேயே ஒரு தனி முகவரியில் போட்டு, அப்பாவை உட்கார வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கச் சொன்னான். அவர் சரி என்ற பிறகுதான் உண்மையான தளத்துக்கு மாற்றினான். பழைய கட்டுரைகளில் சிலவற்றை பழைய வெப்சைட் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடி எடுத்தோம். மற்றவை அங்கேயும் இல்லை.

பணம் விஷயமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். பிரச்சினை நடந்த 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும், 5 லட்ச ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் கிடையாது. வணிகத் தேவைக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகத் தொழில் செய்கிறவர்களுக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அது சேவைக்கும் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு மனுவிலேயே எழுதிவிடுங்கள். ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், பணம் அனுப்பிய விவரம் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள்.

தத்துப்பூச்சி பற்றியும் வறட்சி வருடத்துக் கன்றுகள் பற்றியும் அப்பா எழுதியவை இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் தளத்திலிருந்து யாராவது அச்செடுத்தோ, போனில் படம் பிடித்தோ வைத்திருந்தால் அனுப்புங்கள். ஒரு பக்கம் இருந்தாலும் போதும், உட்கார்ந்து தட்டச்சு செய்து மறுபடி ஏற்றிவிடுவேன்.