காற்றா, தண்ணீரா? கணினிக்கு எந்த கூலர்

நம் ஊரில் ஏர் கூலர் என்றால் தண்ணீர் ஊற்றி ஹாலில் வைக்கிற பெட்டி. கணினியில் கதை தலைகீழ். இங்கே ஏர் கூலர் என்பது ப்ராசஸர் மேல் உட்காரும் செம்புக் குழாய்கள், அலுமினியத் தகடுகள், ஒன்றிரண்டு ஃபேன், அவ்வளவுதான். தண்ணீர் ஓடுவது லிக்விட் கூலரில், கடைக்காரர்கள் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) என்பார்களே, அதில். ப்ராசஸரிலிருந்து சூட்டை வாங்கிய தண்ணீரை ஒரு பம்ப் ரேடியேட்டருக்கு, அதாவது ஃபேன் மாட்டிய தகட்டுப் பலகைக்கு, தள்ளிவிடும். இத்தனைக்கும் ஏர் கூலரின் செம்புக் குழாய்க்குள்ளும் துளி திரவம் உண்டு, பெரும்பாலும் தண்ணீரேதான். ப்ராசஸர் பக்கம் ஆவியாகி, தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்து, தானாகவே திரும்பி வரும். அதைத் தள்ளிவிட பம்ப் தேவையில்லை. இந்த பம்ப் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

எதை வாங்கினாலும் சூடு கடைசியில் போய்ச் சேருவது அறைக் காற்றில்தான். அதனால் ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. வீடியோ விமர்சனத்தில் 22 டிகிரி ஏசி அறையில் உட்கார்ந்து 70 டிகிரி என்று காட்டுவார்கள், மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் அதே கூலர் ஏறக்குறைய 84 காட்டும். பழுது ஒன்றும் இல்லை, அறை 14 டிகிரி ஏறினால் உள்ளேயும் அவ்வளவு ஏறும்.

ஆக, கூலர் படத்தைப் பார்க்கும் முன் ப்ராசஸர் எத்தனை வாட் தின்கிறது என்று பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 5 7600 மாதிரி 65 வாட் சில்லுக்கு லிக்விட் கூலர் என்பது மிளகாய் நறுக்க அரிவாள் எடுக்கிற வேலை. கேம் ஆடுபவர்கள் விரும்பி வாங்கும் ரைசன் 7 7800எக்ஸ்3டி காகிதத்தில் 120 வாட், ஆனால் கேமில் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே குறைவு. தகடுகள் இரண்டு அடுக்காக நிற்கும் இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று தாராளமாகப் போதும். இன்டெல் ஐ9 14900கே வேறு ரகம், இழுத்துப்பிடித்தால் 253 வாட் வரை போகும். அதில் மணிக்கணக்காக வீடியோ ரெண்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் மூன்று ஃபேன் மாட்டும் 360 மி.மீ. ரேடியேட்டருக்குச் செலவு செய்யலாம், தப்பில்லை.

தண்ணீருக்கு இன்னொரு நல்ல குணம், அது சூடாக நேரம் எடுக்கும். ப்ரௌசரில் நாலு டேப் திறந்ததும் ஏர் கூலர் ஃபேன் 'ஊய்' என்று கிளம்பி அடங்குமே, அந்தத் தொல்லை லிக்விடில் குறைவு. பதிலுக்கு பம்ப்பின் மெல்லிய ரீங்காரம் ராத்திரி நேரத்தில் காதில் விழும், சிலருக்குப் பழகிவிடும், எனக்குப் பழகவில்லை.

நான் நாலு வருஷம் 240 மி.மீ. லிக்விட் கூலர்தான் வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு மதியம் கணினி திடீரென்று ஆமை வேகத்துக்குப் போனது. பார்த்தால் சும்மா இருக்கும்போதே 90 டிகிரிக்கு மேல், ஃபேன்கள் இரண்டும் முழு வேகத்தில் சுற்றுகின்றன. பக்கவாட்டுக் கதவைக் கழற்றி ரேடியேட்டரைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. பம்ப் மேல் விரல் வைத்தேன், சுட்டது, அதிர்வே இல்லை. பம்ப் செத்துவிட்டது. தண்ணீர் ஓடாமல் நின்றால் ரேடியேட்டருக்குச் சூடு போய்ச் சேர வழியே கிடையாது. வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, தனியாக பம்ப் மாற்றவும் வழியில்லை, மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஏர் கூலரில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் ஒன்றுதான், சென்னை ரிச்சி தெருவில் ஒரு 120 மி.மீ. ஃபேன் வாங்கி கிளிப்பில் மாட்டினால் தீர்ந்தது.

ஏர் கூலரிலும் தொல்லை இல்லாமல் இல்லை. நாக்டுவா என்ஹெச்-டி15 மாதிரி பெரியவற்றுக்கு 165 மி.மீ. உயரம், ஃபேன்களோடு 1.3 கிலோ எடை. கேபினட்டின் அகலத்தை அளக்காமல் வாங்கினால் கதவு மூடாது. வீடு மாறும்போது கணினியை நிற்கவைத்தே வேனில் ஏற்றாதீர்கள், மதர்போர்டு அடியிலும் கூலர் அதன் மேலேயும் வருகிற மாதிரி படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். சின்ன கேபினட்டில் உயரம் இடிக்கிறது என்றால் லிக்விட்தான் வழி. அப்போது ஒன்றை மறக்காதீர்கள்: ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ் பம்ப்பில் போய் உட்கார்ந்து சத்தம் போடும்.

தூசி இரண்டுக்கும் எதிரி. மாதம் ஒருமுறை ப்ளோயர் அடிக்க வேண்டும், ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு.

இப்போது என்னிடம் இருப்பது ஏர் கூலர், விலை பழையதில் பாதிகூட இல்லை. செத்துப்போன லிக்விட் கூலரின் இரண்டு ஃபேன்களும் நன்றாகத்தான் இருந்தன, கழற்றி கேபினட்டின் முன்பக்கம் மாட்டிவிட்டேன். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.