40 கெஜத்தில் தங்கம், 15 கெஜத்தில் தலைவலி: என் வான்கோழிச் சோக்

வசந்த சீசன் முடிந்த கையோடு கடைகளில் வான்கோழி வேட்டைச் சரக்கெல்லாம் விலை இறங்கிவிடும். சோக் டியூப் என்பது துப்பாக்கிக் குழலின் வாயில் திருகிப் பொருத்தும் சிறு குழாய். தோட்டாவிலிருந்து கிளம்பும் ரவைகள், அதாவது சின்னச் சின்ன குண்டுகள், அகலச் சிதறாமல் நெருக்கி அனுப்புவது அதன் வேலை. நான் முழு விலை கொடுத்து வாங்கிய எக்ஸ்ட்ரா ஃபுல் சோக் டியூப் இப்போது ஏறக்குறையப் பாதி விலைக்குக் கிடக்கிறது. கேன்சஸ் சிட்டியில் இருக்கும் நண்பன் அதைப் படம் பிடித்து அனுப்பி, "மச்சான், நீ வச்சிருக்கிறது இதுதானே? வாங்கிடவா?" என்று கேட்டான். ஒற்றை வார்த்தையில் பதில் வரவில்லை. சில சீசன்களாக இதோடு மல்லுக்கட்டுகிறவனிடம் கேட்டால் அப்படித்தான்.

என் துப்பாக்கி மாஸ்பெர்க் 500, முன்பிடியை (பம்பை) இழுத்துத் தோட்டா மாற்றும் ரகம். 12 கேஜ் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு, எண் கூடினால் விட்டம் குறையும்), 3 அங்குலத் தோட்டா. போவது மிசௌரியின் தெற்கே ஓசார்க் காடுகளுக்கு. டியூபின் மேல் 660 என்று பொறித்திருக்கிறது. அது வாயின் விட்டம், அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 660 பங்கு. 12 கேஜ் குழலின் உள்விட்டம் பெயரளவில் 729. ஆக, ரவைகள் வெளியே வருவதற்குள் ஏறக்குறைய 70 அளவுக்கு நெருக்கப்படுகின்றன. சாதாரண ஃபுல் சோக்கில் இந்த நெருக்கல் சுமார் 35தான். நிறையப் பேர் 660, 665 என்ற எண்ணை மட்டும் வைத்துச் சண்டை போடுகிறார்கள். எந்தக் குழலில் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மாஸ்பெர்க் 835-இன் குழல் 775, கிட்டத்தட்ட 10 கேஜ் விட்டம். அதற்கான டியூபின் எண்ணை இதோடு ஒப்பிட முடியாது. மரையும் வேறு, ஒன்றின் டியூப் மற்றதில் ஏறாது. தள்ளுபடியைப் பார்த்ததும் பாய்கிறவர்கள் முதலில் துப்பாக்கியின் மாடலைப் பார்க்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். இந்த டியூப் 40 கெஜத்தில் செய்யும் வேலை அபாரம். வான்கோழியை உடம்பில் சுடுவதில்லை, தலையிலும் கழுத்திலும்தான். ஆகவே பெரிய தாளை 40 கெஜத்தில் நிறுத்திச் சுட்டு, ரவை அடர்ந்து விழுந்த இடத்தில் 10 அங்குல வட்டம் போட்டு எண்ணுவது இங்கே வழக்கம். வட்டத்துக்குள் 100 விழுந்தால் தேறியது என்பது பழைய கணக்கு. ஒன்றேமுக்கால் அவுன்ஸ் 5-ஆம் நம்பர் (நம்பர் கூடினால் ரவை சிறுக்கும்) ஈயத் தோட்டாவில் மொத்தமே 300 ரவைக்குக் கொஞ்சம் குறைவுதான். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் இறக்க வேண்டும். துப்பாக்கியோடு வந்த ஃபுல் சோக் 30 கெஜம் வரை ஒழுங்காக நின்று, அதற்கப்பால் அங்கங்கே ஓட்டை விட்டது. இது 40-இல் நூறை அனாயாசமாகத் தாண்டியது. தாளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வரைந்து வைத்த கழுத்தெலும்பு கிழிந்து தொங்குகிறது. அன்றைக்குக் காசு செரித்தது.

ஆனால் இது எல்லாத் தோட்டாவிலும் நடக்காது. சோக்குக்கும் தோட்டாவுக்கும் ஜாதகப் பொருத்தம் பார்க்காமல் காட்டுக்குள் போகக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்த 6-ஆம் நம்பர் தோட்டாவில் இதே டியூப் நடுவில் வெறுமையும் ஓரத்தில் கூட்டமுமாகச் சிதறியது. அதே தோட்டா அவர் துப்பாக்கியில் கொஞ்சிக் குலாவுகிறது. காரணம் பல: ரவையின் கடினம், மேல்பூச்சு, ரவைகளை ஏந்தி வரும் வாட் என்ற பிளாஸ்டிக் கிண்ணம் எங்கே பிரிகிறது என்பது. என் டியூபின் பக்கவாட்டில் துளைகள் உண்டு. ஃபெடரல் என்ற தோட்டா நிறுவனத்தின் பழைய ஃப்ளைட்கன்ட்ரோல் வகை வாட், ரவையைக் கொஞ்ச தூரம் பிடித்து வைத்திருந்து பிறகு விடுவிப்பது. அதற்குத் துளையில்லாத சோக்கே பொருந்தும் என்பது அதனால்தான். துளைகள் உதைப்பைக் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. என் தோளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, காதுக்கு நன்றாகவே தெரிந்தது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். இந்த டியூப் கழல்கிறது. சுட்டுப் பழகும் ரேஞ்சில் மூன்று நான்கு தோட்டா போனதும் ரெஞ்சால் இறுக்கியது கையால் திருகும் அளவுக்கு லூசாகிவிடுகிறது. மரையைத் துடைத்துப் போட்டேன், கொஞ்சமாக கிரீஸ் தடவிப் போட்டேன், கிரீஸ் இல்லாமலும் போட்டேன். குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றச் சொன்னார்கள், சுற்றவில்லை. நாற்பது டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு என்னை டேப் சுற்றச் சொல்வதா என்ற கோபம். தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: "இறுக்கமாகப் பொருத்தவும்." அதற்கு மேல் நான் எழுதியதை இங்கே போட முடியாது.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். டியூப் லூசாக இருக்கும்போது சுட்டால் அதன் பின்விளிம்பில் ரவையும் வாயுவும் மோதி டியூப் உப்பும், குழலின் மரை போகும். அப்புறம் குழலையே மாற்ற வேண்டியதுதான். காட்டில் ஒரு நாளில் பெரும்பாலும் ஒரே தோட்டாதான் வெடிக்கும், நடுவில் கழல நேரமில்லை என்று அறிவு சொல்கிறது. மனசு கேட்டால்தானே. விடியலுக்கு அரை மணி முன்பே மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாயிற்று, தோட்டா ஏற்றியாயிற்று, தூரத்துக் கிளையில் சேவல் ஒன்று முழங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் "இறுக்கினோமா?" என்ற சந்தேகம் வரும். தோட்டா இருக்கும் துப்பாக்கியின் வாயில் கை வைக்கக் கூடாது. எனவே பம்பை இழுத்துத் தோட்டாவையெல்லாம் எடுத்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று விரலால் தடவிப் பார்த்து, பிறகு டியூபின் சொரசொர விளிம்பைத் திருகிப் பார்க்க வேண்டும். அந்தப் பம்பின் சடக் ஓசை குளிர்ந்த காட்டில் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? ஒரு தடவை அதற்கே சேவல் பதில் முழக்கம் கொடுத்தது. ஆந்தை கத்தினாலும் கார்க் கதவு அறைந்தாலும் திடுக்கிட்டு முழங்குகிற பறவை அது. சிரித்துவிட்டேன், கோபம் மட்டும் போகவில்லை.

கூடுதலாக ஒரு சிணுங்கல். டியூபின் முனையில் அழகுக்கென்று சிவப்பு வளையம் போட்டிருக்கிறார்கள். சேவல் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த நிறங்களில் கைக்குட்டைகூட எடுத்துப் போகாதே என்பது இந்த வேட்டையின் பாலபாடம், இன்னொரு வேட்டைக்காரர் பறவையென்று நினைத்துவிடுவார். வான்கோழிக்கென்றே செய்த சாமானில் சிவப்பு! கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.

சரி, கழலாமல் இருந்தால் சிபாரிசு செய்வேனா? அதிலும் தயக்கம்தான். ஓசார்க் காட்டில் 40 கெஜம் கண்ணுக்குத் தெரிவதே அபூர்வம். ஓக் மரங்களுக்கு நடுவே கூப்பிட்டால் சேவல் சத்தமில்லாமல் 15, 20 கெஜத்தில் வந்து நிற்கும். அங்கே இந்த டியூபின் பேட்டர்ன், அதாவது ரவை விழும் பரப்பு, கைமுஷ்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நடக்கும்போது முன்னும் பின்னும் வெட்டி வெட்டி ஆடுகிற தலைக்கு அந்த அளவில் குறிவைப்பது ரைஃபிள் வேலை. ஒருமுறை 15 கெஜத்தில் நின்ற சேவல், நான் சுட்டது தவறி அதன் பின்னால் இருந்த இளஞ்செடி துண்டானதும் ஓடியது. ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறிகாட்டும் கருவி) பொருத்தினால் சரியாகிவிடும் என்கிறார்கள். டியூபால் வந்த குறைக்கு அதைவிட விலை கூடிய மருந்து.

இப்போது டங்ஸ்டன் தோட்டாக் காலம் வேறு. ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதனால் 9-ஆம் நம்பர் பொடி ரவையே போதுகிறது, அவுன்ஸுக்கு 360-க்குமேல். 12-ஐவிடச் சிறிய 20 கேஜை, ஏன் அதைவிடச் சிறிய 410-ஐக்கூட வான்கோழிக்குத் தூக்கிப் போகிறார்கள். பல வகைகளில் தோட்டா ஒன்றுக்குப் பத்து டாலருக்கு மேல். தாளில் சுட்டுப் பார்க்கக்கூட மனசு வராது. அதை வாங்குகிறவர்கள் தோட்டாப் பெட்டியில் எந்தச் சோக் என்று போட்டிருக்கிறார்கள் எனப் படித்துவிட்டு டியூபைத் தேடுவது நல்லது. இரும்பு ரவையை இந்த மாதிரி இறுக்கமான டியூபில் போடவே கூடாது.

நண்பனுக்கு நான் சொன்னது: வாங்காதே. கையில் இருக்கும் ஃபுல் சோக்கோடு இரண்டு மூன்று வகைத் தோட்டா வாங்கித் தாளில் சுடு, 30 கெஜத்துக்குள் நிற்கப் பழகு. (அவன் ஹெச்-1பி-யில் இருக்கிறான். அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. அந்த உரிமம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது எந்தச் சோக்கையும்விட முக்கியம்.) "அப்ப உன்னோடதைக் குடுத்துடு" என்றான். தரமாட்டேன். வயல் ஓரத்தில் உட்காரும் நாட்களில் 40 கெஜத்தில் நின்று வாலை விரிக்கும் சேவலுக்கு இதைவிட்டால் என்னிடம் வேறில்லை. காட்டுக்குள் போகும் நாளில் ஃபுல், வயலுக்கு இது. ரெஞ்ச் சட்டைப்பையிலேயே இருக்கும்.