ஹூவரா, மூன்று பள்ளத்தாக்கா?

கிருஷ்ணகிரி அணைக்கட்டில் பொரித்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு மச்சான் கேட்டான்: "அமெரிக்காவோட ஹூவர் அணையா, சீனாக்காரன் கட்டினதா, எது பெருசு?"

அளவென்றால் பேச்சே இல்லை, சீனாதான். யாங்சி ஆற்றின் மூன்று பள்ளத்தாக்கு அணை 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், மின் உற்பத்தித் திறன் 22,500 மெகாவாட். ஹூவர் 379 மீட்டர் நீளம், சுமார் 2,080 மெகாவாட்தான். ஆனால் உயரத்தில் ஹூவர் முந்துகிறது: 221 மீட்டர். அதுவும் 1930களில்!

என் ஓட்டு ஹூவருக்கே. கான்கிரீட் இறுகும்போது சூடாகும். மொத்தமாக ஊற்றியிருந்தால் ஆற நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்குமாம். அதனால் கட்டம் கட்டமாக ஊற்றி, உள்ளே இரும்புக் குழாய்களைப் பதித்து, குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். அப்புறம் குழாய்களையும் சிமெண்ட் கலவையால் அடைத்துவிட்டார்கள். வளைந்த சுவர், தண்ணீரின் அழுத்தத்தை இருபுறப் பாறைக்கும் தள்ளிவிடுகிறது. மூன்று பள்ளத்தாக்கு தன் எடையாலேயே நிற்கிறது. அதற்காக 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது.

"சரி, தென்பெண்ணை ஆத்துல இருக்கிற நம்ம கிருஷ்ணகிரி அணை?" என்றான். அங்கெல்லாம் இந்த மீன் கிடைக்காதே!